கொல்லையிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள்

மருமகளுக்கு வளைகாப்பு முடிந்த மறுவாரம். திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் பெயர்ப் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, “அத்தை, உங்க அம்மா பேரு என்ன?” என்றாள்.

“அலமேலு.”

“அலமேலு” என்று அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா பெயரை இன்னொருவர் வாயால் சத்தமாகக் கேட்டது கடைசியாக எப்போது என்று யோசித்தால், ரேஷன் கடையில் கார்டை எடுத்துக் கூப்பிட்டதுதான் ஞாபகம் வருகிறது. அப்பா அம்மாவை ‘இந்தா’ என்பார். எங்களுக்கு அம்மா. சின்னம்மாவுக்கு அக்கா. தெருவுக்கு ‘கணக்கர் வீட்டம்மா’. எழுபத்தோரு வருஷம் வாழ்ந்த ஒருத்தியின் பெயர் ஓர் அட்டையில் மட்டும் இருந்தது.

நான் 1984 முதல் 2019 வரை மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழாசிரியை. 35 வருஷமும் காலையில் முதல் வேலை வருகைப் பதிவேடு வாசிப்பது. சேர்ந்த வருஷம் என் வகுப்பில் அஞ்சலை, தையல்நாயகி, மாசிலாமணி, குஞ்சம்மாள், வைத்தியநாதன் எல்லாரும் இருந்தார்கள். நடுவில் கலைச்செல்வியும் தமிழரசியும் இளங்கோவும் நிறைய வந்தார்கள். அப்புறம் ஒரு காலம், ஆண்பிள்ளை என்றால் ‘ஷ்’ஷில் முடிய வேண்டும், பெண்பிள்ளை என்றால் ‘கா’வில் முடிய வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒரே வகுப்பில் நாலு தினேஷ். ஓய்வு பெறுகிற வருஷம் ஆறாம் வகுப்பில் ஒரு யாழினி, ஓர் ஆதன், ஒரு நன்முல்லை. இப்போது எங்கள் தெருவிலேயே தவழ்கிற பிள்ளைகளில் ஒரு குந்தவை இருக்கிறாள், ஒரு வளவன் இருக்கிறான். பழைய பெயர்கள் திரும்பி வருகின்றன.

என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது தாயும் தகப்பனுமாகி, “டீச்சர், பழைய பேரா ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்கிறார்கள். பட்டியல் எங்கும் கிடைக்கிறது. தன் வீட்டுக்குள் கிடக்கிற பெயரைத் தேடி எடுத்து, சோதித்து, பதிந்து, பிள்ளை தலையில் வைக்கிற வழியைத்தான் நான் சொல்ல முடியும்.

வீட்டுக்குள் தேடுவது

முதலில் ஒரு நோட்டு எடுங்கள். தாய்வழி, தகப்பன்வழி இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம். மூன்று தலைமுறையாவது மேலே போக வேண்டும். பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தி என்றால் பெயர்த்தி. பெரும்பாலான வீடுகளில் தாத்தாக்கள் பெயர் நாலு தலைமுறைக்குச் சரசரவென்று வந்துவிடும். பாட்டிகள் பெயர் இரண்டாவது தலைமுறையிலேயே நின்றுபோகும். அங்கேதான் மெனக்கெட வேண்டும்.

பெரியவர்களிடம் “பாட்டி பேரு என்ன?” என்று மட்டும் கேட்காதீர்கள். “அவங்களை அவங்க அம்மா எப்படிக் கூப்பிட்டாங்க? கூடப் பிறந்தவங்க எப்படிக் கூப்பிட்டாங்க?” என்று கேளுங்கள். அப்போதுதான் மறந்த பெயர் மேலே வரும். மாமனார் மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்று இருந்த வீடுகளில், எண்பது வயது அம்மாள் இன்றைக்கும் தன் மாமியார் பெயரை வாயால் சொல்ல மாட்டார். எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் “எந்தச் சாமி பேரு?” என்று கேளுங்கள், ஊரைச் சொல்லிக் கோயிலைக் காட்டுவார்.

அடுத்தது காகிதங்கள். கிரயப் பத்திரம், பட்டா, பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை. இவற்றில் ஆண்கள்தான் அதிகம் இருப்பார்கள். பெண்கள் பெயர் வேண்டுமென்றால் மொய் நோட்டைப் பாருங்கள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் வந்தவர் பெயரும் ஊரும் அதில் வரிசையாக இருக்கும். அதைவிடவும் உறுதியான இடம் பரண். சீர்வரிசைப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டித்தான் கொடுப்பார்கள். என் அப்பாயியின், அப்பாவைப் பெற்றவரின், பெயரை நான் அப்படித்தான் கண்டேன். பித்தளை அண்டாவின் விளிம்பில் புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க ஓர் எழுத்தாக வந்தது: ‘தையல்நாயகி’. அப்பாயி என்றால் அப்பாயி என்று மட்டுமே இருந்துவிட்டேன். அவர் இறந்து இருபது வருஷம் கழித்து அந்த அண்டா எனக்குச் சொன்னது.

கோயிலில் உபயப் பலகை, குழல்விளக்கில் எழுதிய உபயதாரர் பெயர்கள், குலதெய்வக் கோயிலில் வரி கொடுத்த குடும்பங்களின் பழைய கணக்கு, இவையும் உதவும். குலதெய்வத்தின் பெயரே பாதி வீடுகளில் கைவசம் இருக்கும் நல்ல பழைய பெயர்தான்.

தேய்ந்த பெயரைத் துலக்கிப் பார்ப்பது

நோட்டில் இருபது முப்பது பெயர் சேர்ந்ததும், ஒவ்வொன்றின் வேரையும் பாருங்கள். வாயில் புழங்கிப் புழங்கித் தேய்ந்த பெயர்கள் நம்மிடம் ஏராளம். இசக்கி என்பது இயக்கி. உண்ணாமலை என்று எழுதிவைத்திருப்பது திருவண்ணாமலை அம்மன் உண்ணாமுலை. தைலம்மை என்றால் வைத்தீஸ்வரன்கோயில் தையல்நாயகியாக இருக்கலாம். என் அம்மா அலமேலு, அலர்மேல்மங்கை. மலர்மேல் இருக்கும் மங்கை, திருமகள். நம்மாழ்வார் திருவேங்கடத்தானை “அலர்மேல்மங்கை உறை மார்பா” என்று கூப்பிடுகிறார்.

காவிரிக்கரையில் ஒவ்வொரு ஊர் அம்மனுக்கும் இரண்டு பெயர் உண்டு, வடமொழியில் ஒன்று, தமிழில் ஒன்று. பாட்டிகளுக்கு இரண்டில் ஒன்றை வைத்திருப்பார்கள். நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி, தமிழில் கருந்தடங்கண்ணி. திருவையாற்றில் தர்மசம்வர்த்தினி, தமிழில் அறம்வளர்த்தநாயகி. வேதாரண்யத்தில் வேதநாயகி, தமிழில் யாழைப்பழித்தமொழியாள். யாழின் இசையையே குறை சொல்ல வைக்கும் பேச்சு உடையவள் என்று பொருள். இத்தனை அழகான பெயரை நீளம் என்று யாரும் வைப்பதில்லை. ‘யாழ்மொழி’ என்று எடுத்துக்கொள்ளலாமே! திருச்சி தாயுமானவர் கோயிலில் அம்மன் மட்டுவார்குழலி. குற்றாலத்தில் குழல்வாய்மொழி. இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ‘குழலி’ கிடைக்கிறது. மதுரை அங்கயற்கண்ணியிலிருந்து ‘கயற்கண்ணி’ வருகிறாள். பாட்டி நீலாயதாட்சி என்றால் பேத்தி கருந்தடங்கண்ணி, கூப்பிட ‘கண்ணி’. அதே அம்மன், அதே ஊர், பாட்டிக்கும் விட்டுப்போகவில்லை.

வேறு மதத்து வீடுகளிலும் இதே வளம் இருக்கிறது. எங்கள் பக்கம் வேளாங்கண்ணியும் நாகூரும் கூப்பிடு தூரம். கிறித்தவத் தாத்தாக்களின் சின்னப்பன், அருளப்பன், இராயப்பன், சூசை, பெலவேந்திரம் என்ற பெயர்களை இப்போது வைக்கத் தயங்குகிறார்கள், பொருள் தெரியாததால். சின்னப்பர் என்பது பவுல். லத்தீனில் ‘பவுல்’ என்றால் சிறியவர், அதைத்தான் தமிழாக்கினார்கள். அருளப்பர் என்பது யோவான். எபிரேயத்தில் ‘கடவுள் அருளினார்’ என்று பொருள். ‘அருளப்பன்’ என்ற பெயரை ஒரு தடவை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு இதமாக இருக்கிறது. நாகூர் மீரான் என்ற பெயரில் ஊரும் இருக்கிறது, நேர்ச்சையும் இருக்கிறது.

வேரைக் கண்டுபிடித்ததும் பழைய உருவத்துக்கே திருத்திவிட வேண்டும் என்று தமிழாசிரியை எனக்குக் கை பரபரத்தது. “அலர்மேல்மங்கைன்னே வைச்சிடலாம்” என்றேன். மருமகள் சொன்னாள்: “அத்தை, பாட்டியை யாரும் அலர்மேல்மங்கைன்னு கூப்பிட்டதே இல்லையே. அவங்க அலமேலுதானே?” அவள் சொன்னதுதான் சரி. ஆளை நினைத்து வைக்கிறீர்கள் என்றால் அந்த ஆள் தாங்கிய உருவத்திலேயே வையுங்கள், தேய்ந்திருந்தாலும். மொழியை நினைத்து வைக்கிறீர்கள் என்றால் வேர்ச்சொல்லுக்குப் போங்கள். எதற்காக வைக்கிறோம் என்று முதலில் தீர்த்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

வீட்டில் கிடைக்காவிட்டால்

சில வீடுகளில் பெயர் எதுவுமே கிடைக்காது. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள், சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர்கள். அவர்களுக்கு நான் சங்கப் புலவர் வரிசையைக் காட்டுவேன். பெண் புலவர்கள் பெயரைப் பாருங்கள்: அள்ளூர் நன்முல்லை, ஒக்கூர் மாசாத்தி, பொன்முடி, வெள்ளிவீதி, நச்செள்ளை, நக்கண்ணை. முன்னால் வருகிற ‘ந’ நன்மையையும் சிறப்பையும் காட்டுவது. நக்கீரன் என்பதும் அப்படித்தான், நப்பின்னை என்பதும் அப்படித்தான். நல்ல கண்ணை உடையவள் நக்கண்ணை. ஆண்பிள்ளைக்குக் கீரன், ஆதன், வழுதி, செழியன், கிள்ளி, வளவன், பாரி, ஓரி. கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் ‘குவிரன்’, ‘ஆதன்’ என்று கீறியிருக்கிறார்கள். அந்தப் பானை என்னுடையது என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவன் தன் பெயரைக் கீறி வைத்தான். என் ஆறாம் வகுப்பு ஆதன் அதைப் படம் பார்த்து ஒரு நாள் முழுக்க எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இராசராசன் ஊர் ஊராகக் கொண்டுவந்து குடிவைத்த 400 தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயரும் இருக்கிறது. எடுத்தபாதம், சோழகுலசுந்தரி, சேரமங்கை என்றெல்லாம். எடுத்தபாதம் என்றால் தில்லையில் கூத்தன் தூக்கிய திருவடி. ஒரு பெண்ணுக்கு அப்படிப் பெயர் வைத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. பெரியபுராணத்துப் பெண்களும் உண்டு: புனிதவதி, திலகவதி, பரவை, சங்கிலி, இசைஞானி. இதில் பரவையை யாராவது வைக்க மாட்டார்களா என்று நான் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன். பரந்து கிடக்கும் கடல் என்று பொருள், திருவாரூர்ப் பெண்.

கூப்பிட்டுப் பார்ப்பது

இதுதான் என் முறையில் முக்கியமான படி. எழுதிப் பார்த்தும் கைப்பேசியில் தட்டிப் பார்த்தும் பெயரை முடிவு செய்யாதீர்கள். நான்கைந்து பெயராகக் குறைத்ததும், சாயங்காலம் ஒருவர் கொல்லைப்பக்கம் கிணற்றடியில் நில்லுங்கள், இன்னொருவர் வாசலில் நில்லுங்கள். கொல்லையிலிருந்து அந்தப் பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிடுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் மொட்டைமாடியிலிருந்து கீழே விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பெயர் கூப்பிடுவதற்கென்றே செய்யப்பட்டது. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது, பெயரைக் கூப்பிடும்போது அது எப்படி மாறும் என்று சொல்ல. ‘இ’யில் முடிந்தால் ‘ஈ’ ஆகும்: குழலி, குழலீ. ‘ஐ’யில் முடிந்தால் ‘ஆய்’ ஆகும்: நங்கை, நங்காய். ‘அன்’ என்று முடிந்தால் ‘ஆ’ ஆகும்: மாறன், மாறா. அலமேலு, அலமேலூ என்று வயல் தாண்டிப் போகும். கடைசியில் மெய்யெழுத்து வந்து அடைத்துக்கொள்கிற பெயரை எவ்வளவு கத்தினாலும் நீளாது. தினேஷ் என்று நான் மைதானத்தில் கூப்பிட்டால் ‘ஷ்’ காற்றோடு போய்விடும், நாலு பேரில் ஒருவனும் திரும்ப மாட்டான்.

கூப்பிடும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் சுருக்காவிட்டாலும் மற்றவர்கள் சுருக்குவார்கள். எப்படிச் சுருங்கும் என்று முன்கூட்டியே பார்த்து, சுருங்கிய பெயரும் நல்ல சொல்லாக இருக்கும்படி நீங்களே அதைப் புழக்கத்தில் விட்டுவிடுங்கள். பெரியநாயகியை ‘நாயகி’ என்று முதல் நாளிலிருந்தே கூப்பிட்டால் பள்ளியிலும் அதுவே நிற்கும். அபயாம்பாள் ‘அபயா’. பொன்னம்மாள் ‘பொன்னி’, காவிரியின் பெயரும் அதுவே.

பொருள் மாறிப்போன சொற்களைப் பிள்ளைகளின் காதுகொண்டு நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். கடையெழு வள்ளல்களில் ஆய் எவ்வளவு பெரியவன்! ஆனால் இன்றைக்குக் குழந்தைப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். அவன் முழுப்பெயர் ஆய் அண்டிரன். ‘அண்டிரன்’ என்று வையுங்கள். ஆதிமந்தி காதலனைத் தேடிக் காவிரிக்கரை நெடுக அலைந்தவள், பெரிய புலவர். ஆனால் ‘மந்தி’ என்று பிரித்துவிடுவார்கள். காரியும் வள்ளல்தான், பிள்ளைகள் உடனே ‘காரி’த் துப்புவார்கள். என் அப்பாயியின் பெயரை நாங்கள் வைக்காததற்கும் இதுதான் காரணம். தையல் என்றால் பழைய தமிழில் அழகிய பெண். 1984-இல் என் வகுப்புத் தையல்நாயகியை ஐந்து வருஷமும் ‘டெய்லர்’ என்றே கூப்பிட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் பொருளை விளக்கிச் சொல்வேன். விளக்கம் ஒரு வாரம் நிற்கும். பெயரைச் சுமக்கப்போவது பிள்ளை. நாம் பக்கத்தில் நின்று பொருள் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அலமேலுவில் வந்த ‘அலர்’ என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள் உண்டு. மலர் என்று ஒன்று. காதலர்களைப் பற்றி ஊர் பேசும் பழிச்சொல் என்று இன்னொன்று. திருக்குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. மருமகள் ‘அலர்’ என்று மட்டும் சுருக்கி வைக்கலாமா என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

திரும்பக் கொண்டுவரக் கூடாதவை

எல்லாப் பழைய பெயரும் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை, மூக்காயி என்ற பெயர்கள் உங்கள் நோட்டில் நிச்சயம் இருக்கும். முதல் பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு கணம் போட்டு எடுத்து, மூக்குக் குத்தி, ‘இது எங்களுடையது இல்லை, எமனே கொண்டுபோகாதே’ என்று கெஞ்சி வைத்த பெயர்கள் அவை. அந்தத் தாயின் பயம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. பேத்திக்கு அதை வைக்க வேண்டாம். ஆனால் அந்தக் கதையை நோட்டில் எழுதி வையுங்கள், பேத்தி வளர்ந்ததும் படிக்கட்டும்.

போதும்பொண்ணு என்று ஒரு மாணவி என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். நாலாவது பெண்ணாகப் பிறந்தவள். வருகைப் பதிவேடு வாசிக்கும்போது அவள் பெயர் வரும் இடத்தில் என் குரல் தானாகத் தணியும். ஒரு நாள் ஓய்வறை வாசலில் வந்து நின்று, “டீச்சர், என் பேரை மாத்த முடியுமா?” என்றாள். என்ன பெயர் வேண்டும் என்று கேட்டேன். “வேணும்ங்கிற மாதிரி ஒரு பேரு.” பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறுவதற்கு முன் அரசிதழில் வெளியிட்டு மாற்றினோம். அவளே தேர்ந்தெடுத்தது, இனியாள். மறுநாள் காலையில் அந்தப் பெயரை வாசித்தபோது அவள் ‘உள்ளேன் அம்மா’ சொன்ன குரலை நான் மறக்கவே இல்லை.

கொள்ளுத்தாத்தா பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருந்தால் அதைப் பத்திரத்திலேயே விட்டுவிடுங்கள். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டார்கள். நாம் அந்த வாலை மீண்டும் ஒட்ட வேண்டியதில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. பண்ணைக் கணக்குகளில் வேலை செய்தவர்கள் பெயரைப் பாதியாகத்தான் எழுதினார்கள். கருப்பசாமி என்று வீட்டில் வைத்தாலும் கணக்கில் ‘கருப்பன்’. அப்படிக் குறைக்கப்பட்ட பெயர் உங்கள் தாத்தாவுடையது என்றால், முழுமையாக்கி, மரியாதையோடு, பேரனுக்கு வையுங்கள். பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவருவதில் இதைவிட எனக்குப் பிடித்த காரியம் வேறில்லை.

நட்சத்திர எழுத்து

வீட்டில் பெரியவர்கள் எழுத்துப் பார்த்தால் சண்டை வேண்டாம். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு: ஓரி, வளவன், வழுதி, வள்ளி எல்லாம் காத்திருக்கிறார்கள். மகத்துக்கு ம, மி, மு, மெ: மங்கை, மணிமேகலை, முல்லை. கார்த்திகைக்கு அ, இ, உ, எ: அலமேலு, இளவெயினி, உமை, எழிலி. பரணிக்கு வந்தால்தான் சங்கடம்; லி, லு, லே, லோ. தமிழ்ச்சொல் எதுவும் ‘ல’வில் தொடங்காது என்பது தொல்காப்பியர் விதி. அதற்கும் நம் பெரியவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு ஒரு பெயரைத் தொட்டிலில் காதோடு சொல்லிவிட்டு, அழைக்கவும் பதியவும் விரும்பிய பெயரை வைப்பது. பெரியவர்களும் மனம் கோணாமல் இருப்பார்கள்.

இரண்டு பாட்டிகளும் உயிரோடு இருந்து இரண்டு பேர் பெயரும் போட்டியில் இருந்தால், இருவரிடமும் பெயரைக் கேட்காமல் அவரவர் அம்மா பெயரைக் கேளுங்கள். சண்டை நின்றுவிடும். நான் பார்த்த இரண்டு வீட்டில் நின்றிருக்கிறது. சில வீடுகளில் உயிரோடு இருப்பவர் பெயரை வைக்க மாட்டார்கள், சில வீடுகளில் அதைத்தான் பெருமையாக நினைப்பார்கள். உங்கள் வீட்டு வழக்கத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பதிவு

பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயர் அன்றைக்கே தயாராக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பெயரில்லாமல் பிறப்பை மட்டும் பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம். 15 ஆண்டு வரை சேர்க்க முடியும். ஆகவே மருத்துவமனையில் யாராவது படிவத்தை நீட்டி அவசரப்படுத்தினாலும் கூப்பிட்டுப் பார்க்காத பெயரை எழுதாதீர்கள். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஓர் எழுத்து தவறினால் பின்னால் அலைச்சல்.

ஆங்கில எழுத்தில்தான் பழைய பெயர்கள் அடிபடுகின்றன. ‘ழ’ இருக்கிற பெயர் என்றால் ‘இசட் எச்’ போடுவதா, ஒற்றை ‘எல்’ போடுவதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். குழலியைத் தமிழ் தெரியாதவர் ‘குஸ்லி’ என்று படிப்பார். ‘எல்’ போட்டால் ‘குலலி’ ஆவாள். என் விருப்பம் ‘இசட் எச்’தான், படிக்கிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். எதைப் போட்டாலும் சான்றிதழ், ஆதார், பள்ளி மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கையில் கொண்டுபோங்கள், வாயால் சொல்லாதீர்கள். நாங்கள் வாயால் சொன்னோம். சான்றிதழில் அலமேலுவில் ஓர் ஆங்கில எழுத்து மாறி வந்தது. திருத்த மூன்று நடை. தலைப்பெழுத்தோடு சேர்த்தும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டின் முதலெழுத்தையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

தொட்டிலில் போடும் நாள்

பெயர் வைக்கிற அன்றைக்கு அந்தப் பெயருக்கு உரியவரை அறிந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் வண்டி வைத்தாவது கூட்டிவாருங்கள். அவர் வாயால் அந்தப் பெயர் ஒரு தடவை பிள்ளையின் காதில் விழட்டும். அந்த மனுஷி எப்படி இருப்பார், என்ன சமைப்பார், யாரோடு சண்டை போட்டார், எல்லாம் அன்றைக்கே கேட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த வருஷம் கேட்கலாம் என்று விட்டால் சொல்ல ஆள் இருக்காது.

எங்கள் வீட்டில் என் மகள், பிள்ளைக்கு அத்தை, தொட்டிலுக்குக் குனிந்து மூன்று தடவை பெயர் சொன்னாள். சின்னம்மாவுக்கு 86 வயது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பிள்ளையைத் தன் மடியில் கொடுக்கச் சொன்னார். பார்வை மங்கிவிட்டது, விரலால் நெற்றியைத் தடவிப் பார்த்தார்.

“வாழ்நாள் பூரா அக்கான்னே கூப்பிட்டுட்டேன். பேரைச் சொன்னா அம்மா அடிப்பாங்க” என்றார்.

பிறகு பிள்ளையின் காதருகே குனிந்து, திட்ட யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்வதுபோல ஒரு நிமிஷம் நிறுத்தி, மெதுவாகக் கூப்பிட்டார்.

“அலமேலு.”